படிக்கச் சம்பளம்: அமெரிக்க சர்க்காரும் நம் தமிழும்

நம் சங்க மலருக்கு வழக்கமாக நான் சிந்தாமணி, நீலகேசி, மேருமந்தர புராணம் என்று ஏதாவது ஒரு சமண நூலைப் பற்றித்தான் எழுதிக் கொடுப்பேன். "நயினார், இந்த வருஷமும் சமணமா?" என்று மலர்க்குழு அன்பர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதும் உண்டு. இம்முறை பொருள் வேறு. ஆனால் சுற்றி வளைத்து அதுவும் சிந்தாமணியிடம்தான் வந்து நிற்கும். அதற்கு இப்போதே பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜனவரியில் என் அண்ணன் பேத்தி அமெரிக்காவிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு வந்தாள். அங்கேயே பிறந்தவள். பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். அவள் அப்பா, அதாவது என் அண்ணன் மகன், இங்கே ரயில்வே குடியிருப்புப் பக்கம் எங்கள் மளிகைக்கடை வாசலில் வளர்ந்த பையன். தமிழ் பேசுவான், வங்காளம் அதைவிட நன்றாகப் பேசுவான். தமிழ் எழுத்து மட்டும் ஒன்றும் தெரியாது. நம் சங்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் கதை என்பதால் யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.

வந்த மறுநாள் குளக்கரையில் பறவை பார்த்துவிட்டு வந்தவள், கடையின் மேல் அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய பேரேட்டை எடுத்துப் பிரித்தாள். என் பாட்டனார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எழுதிய கணக்கு அது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். நெல் இவ்வளவு, மணிலா இவ்வளவு, இன்னாருக்குக் கடன் இவ்வளவு என்று. எங்கள் வீட்டில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர் யாரும் அதில் ஒரு வரி படித்தது கிடையாது. என் பேரப்பிள்ளைகள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"காலேஜ்லதான், சின்னத்தாத்தா. ஒரு சம்மர் மதுரைலயும் படிச்சேன். கவர்ன்மென்ட் ஸ்டைபண்ட் குடுத்துச்சு."

"எந்த கவர்ன்மென்ட்? தமிழ்நாடா?"

"இல்ல தாத்தா, எங்க கவர்ன்மென்ட்."

எனக்கு இது பிடிபடவில்லை. நான் வியாபாரி. யாராவது பணம் கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறான் என்று பார்க்காமல் விடமாட்டேன். அமெரிக்க சர்க்கார் ஒரு பெண்ணுக்குத் தமிழ் படிக்கச் சம்பளம் கொடுப்பானேன்? அன்று தொடங்கித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் பெற்ற உதவித்தொகைக்கு 'ஃபாரின் லாங்குவேஜ் அண்ட் ஏரியா ஸ்டடீஸ்' என்று பெயர். சுருக்கமாக ஃபிளாஸ் என்பார்கள். அந்நிய மொழியும் அம்மொழி வழங்கும் நிலப்பகுதியும் பற்றிய படிப்பு என்று பொருள் கொள்ளலாம். இதன் பிறப்புக்குக் காரணம் ஓர் உலோக உருண்டை. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை வானில் ஏவியது. அமெரிக்கா ஆடிப்போயிற்று. விஞ்ஞானத்தில் மட்டுமா பின்தங்கினோம், உலகத்தாரின் பாஷை தெரிந்த ஆளும் நம்மிடம் இல்லையே என்ற கவலை பிறந்தது. ஓராண்டுக்குள், 1958 செப்டம்பர் 2-ஆம் நாள், ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரிலேயே 'பாதுகாப்பு' இருப்பதைக் கவனிக்க வேண்டும். அச்சட்டத்தின் ஆறாம் பகுதிதான் மொழிகளுக்கானது. பல்கலைக்கழகங்களில் மொழி மையங்கள் அமைக்கவும், அங்கே படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு உதவித்தொகை தரவும் அது வழி செய்தது.

முதலில் அவசரம் என்று குறித்த மொழிகள் ஆறு: அரபி, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன். தமிழ் அந்த ஆறில் இல்லை. பின்னால்தான் வந்து சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை. சட்டத்தின் பணத்தைத் தொடும் மாணவர், அரசைக் கவிழ்க்கும் அமைப்பில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருந்தது. ஹார்வர்டு, யேல் போன்றவை இதை எதிர்த்து ஒதுங்கி நின்றன. 1962-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 1980-இல் இந்த ஆறாம் பகுதி பாதுகாப்புச் சட்டத்தை விட்டு உயர்கல்விச் சட்டத்துக்குள் குடிபெயர்ந்தது.

சர்க்கார் தன் காரியத்துக்காகப் பிறர் மொழியைப் படிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது உலகத்துக்குப் புதிதல்ல. கொல்கத்தாவில் இருக்கும் நாம் இதை மறக்கக்கூடாது. 1800-இல் வெல்லெஸ்லி பிரபு இங்கே வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். சீமையிலிருந்து வந்திறங்கும் இளைஞர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிப்பதே நோக்கம். அதன் முதல் திட்டத்தில் தமிழும் இருந்தது, ஆனால் இங்கே வேரூன்றவில்லை. வங்காளம் வேரூன்றியது. வில்லியம் கேரி பாடம் நடத்தினார். அவருக்காக ராம்ராம் பாசு போன்றவர்கள் எழுதிய புத்தகங்களிலிருந்துதான் வங்காள உரைநடை நடக்கப் பழகியது. தமிழுக்கு அந்த வேலையைச் சென்னையில் 1812-இல் ஏற்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி செய்தது. எல்லிஸ் துரை அதன் கர்த்தா. மொழித் தேர்வில் தேறத் தேற அங்கே படித்த இளம் துரைமாருக்குப் படி உயர்ந்தது. வரி வசூலுக்கும் வழக்குக்கும் படித்த படிப்புதான். ஆனாலும் அந்த வட்டத்திலிருந்துதான் 1816-இல் தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்ற எல்லிஸின் நிறுவல் வெளிவந்தது. அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் வந்தது. கொடுத்தவன் நோக்கம் ஒன்று, விளைந்தது வேறொன்று. அமெரிக்க விஷயத்திலும் அப்படியே ஆயிற்று என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் கோதுமைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அறுபதுகளில் ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு பி.எல். 480 கோதுமை நினைவிருக்கும். நான் சிறுபிள்ளையாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தக் கோதுமைக்கு இந்தியா டாலரில் விலை கொடுக்கவில்லை, ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்க சர்க்காரின் கணக்கில் இந்தியாவிலேயே சேர்ந்து மலைபோல் கிடந்தது. வெளியே கொண்டுபோக முடியாத பணம். அதில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. கதைப் புத்தகம், கவிதை, ஜாதகம், சமயப் பிரசுரம் எல்லாம் கப்பலேறின. நம் ஊரில் இரண்டாம் பதிப்பு காணாமல் கரையான் தின்ற எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் சிகாகோவிலும் பெர்க்லியிலும் பத்திரமாக அட்டை கட்டி நிற்பதற்கு இதுவே காரணம். நாம் தின்ற சப்பாத்தி அங்கே அலமாரியில் தமிழ்ப் புத்தகமாக இருக்கிறது என்றால் மிகையில்லை.

புத்தகம் வந்தாயிற்று, மையம் வந்தாயிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரவுன் 1948-லேயே தெற்காசியத் துறை கண்டிருந்தார். 1961-இல் அவர் முயற்சியால் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் உருவாயிற்று. மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது அந்த நிறுவனம்தான். நம் கொல்கத்தாவில் வங்காள வகுப்பு நடத்துவதும் அதுவே. சிகாகோவில் அறுபதுகளிலேயே ஏ.கே. ராமானுஜன் வந்து சேர்ந்தார். பெர்க்லியில் ஜார்ஜ் ஹார்ட். ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கே தனியாக ஓர் இலக்கணம் எழுதி 1999-இல் வெளியிட்டார். நம் பண்டிதர்கள் பேச்சுத் தமிழுக்கு இலக்கணமா என்று முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் அந்நியனுக்கு இரண்டும் வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று மட்டும் படித்துவிட்டு மதுரை டவுன்ஹால் ரோட்டில் இறங்கினால் 'வந்துக்கிட்டிருக்கேன்' காதில் ஏறாது. எங்கள் பேத்திக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் கற்பித்திருக்கிறார்கள். பேசினால் மதுரை வாடை அடிக்கிறது. வந்தவாசிக் குடும்பத்துப் பெண் 'என்ன தாத்தா, அங்கிட்டு வைக்கவா?' என்கிறாள். என் வீட்டாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இனி இந்த உதவித்தொகை நடந்த விதம். சர்க்கார் நேரே மாணவருக்குக் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகங்கள் போட்டியிட வேண்டும். வென்ற பல்கலைக்கழகத்துக்கு நான்காண்டுக் காலத்துக்கு மானியம். அந்தப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கும். 2022-இல் தொடங்கிய சுற்றில், பட்டமேற்படிப்பு மாணவருக்கு ஆண்டுச் செலவுக்கு முதலில் 15,000 டாலர், பிறகு 20,000 டாலர், அது தவிரக் கல்விக் கட்டணத்துக்கு 18,000 டாலர் வரை. இளங்கலை மாணவருக்கு 5,000 டாலரும் கட்டணத்துக்கு 10,000 வரையும். 2008-க்கு முன் இளங்கலையாருக்கு இது கிடையாது. சும்மா கொடுத்துவிடவில்லை. ஆண்டு முழுக்க மொழி வகுப்பும் அதனோடு அந்நாட்டின் வரலாறோ அரசியலோ பற்றிய வகுப்பும் எடுத்தாக வேண்டும். கோடை உதவித்தொகை என்றால் குறைந்தது ஆறு வாரம், 120 முதல் 140 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் மொழித் திறனைச் சோதிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால், மொழி பயில்வோருக்கு மட்டும் என்று அதை மூடி வைக்காததுதான். சட்டம் படிப்பவர், வைத்தியம் படிப்பவர், பொறியியல் படிப்பவர் யாரும் கேட்கலாம். பொது சுகாதாரம் படிக்கும் எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது அப்படித்தான். நாளை தமிழ்நாட்டுக் கிராமத்தில் தாய்சேய் நலம் பற்றி ஆராய்வதானால், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு தாயிடம் உட்கார்ந்து பேச வேண்டாமா என்று விண்ணப்பத்தில் எழுதினாளாம்.

இதைக் கேட்டதும் நம் அன்பர் ஒருவர், "நம்ம பையனுக்குக் கிடைக்குமா?" என்றார். கிடைக்காது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. 2006 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை வேறொரு மொழி உதவித்தொகையும் நடத்தி வந்தது. கொல்கத்தாவில் கோடையில் வங்காளம் பேசிக்கொண்டு திரிந்த வெள்ளைக்கார மாணவர்கள் பலர் அதில் வந்தவர்கள். அந்தப் பட்டியலில் வங்காளம் உண்டு, இந்தி, உருது, பஞ்சாபி உண்டு. தமிழ் இல்லை. ஆகவே தமிழுக்கு ஃபிளாஸ்தான் பிரதான வாசலாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

இப்போது சிந்தாமணிக்கு வருகிறேன். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்ததும், அதன் சமயப் பொருள் விளங்காமல் அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டதும், 1887-இல் பதிப்பித்ததும் நம்மில் பலர் அறிந்த செய்தி. என் சமூகத்தார் பெரும்பாலும் உழவர், சிலர் என்னைப்போல் கடை வைத்தவர். பட்டம் பெற்ற புலவர்கள் அல்லர். ஆனால் வீட்டில் படித்து வந்தார்கள், கேட்டவருக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, தெற்காசிய மையம் இருந்த அதே பெர்க்லியில் ஜேம்ஸ் ரயன் என்பவர் சிந்தாமணியை ஆராய்ந்து பட்டம் பெற்றார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி 2005-இல் கலிஃபோர்னியாவில் அச்சாயிற்று. ரஷ்யாக்காரன் ராக்கெட் விட்டான் என்று பயந்து போட்ட சட்டம், திருத்தக்கதேவரைப் படிக்கும் இடங்களை அந்நாட்டில் அரை நூற்றாண்டு தாங்கி நிறுத்தியது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ரஷ்யர்களும் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் தமிழ் படித்தார்கள். முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்களைச் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறோம். இரண்டு பேருடைய பனிப்போரில் நம் தாய்மொழிக்குக் கொஞ்சம் நெய் வார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. பெர்க்லியில் தமிழ் இருக்கைக்குப் பணம் திரட்டினார்கள். பிறகு ஹார்வர்டு இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் வேண்டியிருந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசும் அதற்கு 10 கோடி ரூபாய் தந்தது. நல்ல காரியம், நானும் ஒரு சிறு தொகை அனுப்பினேன். ஆனால் இருக்கை என்பது ஆசிரியர் உட்காருவது. அவர் எதிரே உட்காரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? இரண்டாண்டு மூன்றாண்டு மெனக்கெட்டுப் புறநானூறு வரை வரும் மாணவர் கைச்செலவுக்கு எங்கே போவார்? அந்தக் கணக்கை ஃபிளாஸ் தீர்த்து வந்தது. கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று போகிறவருக்கு அதைவிட அதிக காலம் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு ஈடு உண்டா என்றால், ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏற்பட்டது. அதன் கீழ் வட்டார மொழி மையங்கள் வந்தன. ஒரு மாநிலத்துப் பள்ளி ஆசிரியரைப் பத்து மாதம் அனுப்பி வேறு மாநில மொழியைக் கற்பிப்பார்கள், அந்தக் காலத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. தமிழுக்கு மைசூர் மையம், வங்காளத்துக்குப் புவனேசுவரம் மையம். அருமையான யோசனை. ஆனால் அது ஆசிரியருக்கு. ஹவுராவில் பிறந்து கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு, 'ஒரு கோடை மதுரைக்குப் போய் உன் மொழியைப் படித்து வா, செலவு நாங்கள் தருகிறோம்' என்று சொல்ல யாரும் இல்லை. கடல் தாண்டிப் போன குடும்பத்துக்குக் கிடைத்தது, ஹூக்ளிக் கரையில் தங்கிய குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் வையாபுரிப் பிள்ளை சேர்த்த ஏறக்குறைய மூவாயிரம் நூல்களும் சுவடிகளும் அலிப்பூர் தேசிய நூலகத்தில், பாலம் தாண்டினால் கிட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. படிக்க ஆள் வேண்டும்.

அமெரிக்காவிலும் அந்த வாசல் சாத்தத் தொடங்கிவிட்டது. 2011-லேயே ஆறாம் பகுதிக்கான பணத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெட்டினார்கள். 2025 மார்ச்சில் கல்வித் துறையில் இதைக் கவனித்து வந்த அலுவலகத்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், நான்காண்டு மானியத்தின் கடைசி ஆண்டுப் பணம் வராது என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போயிற்று. அந்நிய நாடுகளைப் படிப்பது நம் நலனுக்கு உகந்ததில்லை என்பது அங்குள்ள ஆட்சியாளர் கட்சி. 1958-இல் இதே படிப்புதான் நாட்டுக்குப் பாதுகாப்பு என்றார்கள். அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம். கோபித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் ருஷ்ய மொழிக்கோ சீன மொழிக்கோ ராணுவமாவது செலவு செய்யும். தமிழ் போன்ற மொழிக்கு வேறு கதவு குறைவு என்பதுதான் என் கவலை. எங்கள் பெண்ணுக்கு 2023 கோடையும் 2023-24 கல்வியாண்டும் கிடைத்தது அதிர்ஷ்டம்.

பேரேட்டுக்குத் திரும்புகிறேன். நாலைந்து பக்கம் படித்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "சின்னத்தாத்தா, இது எழுத்தே இல்லையே?" பார்த்தேன். அது எழுத்தல்ல, குறி. வரவுக்கு ஒரு குறி, பற்றுக்கு ஒரு குறி, மேற்படிக்கு ஒரு குறி, ரூபாய்க்கு ஒரு குறி. பிறகு தமிழ் எண்கள், பின்னங்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இதை எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. என் அப்பா எனக்குக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் பலகையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டியது. அதே பலகையைத் தேடி எடுத்தேன்.

நாலு நாள் மாலையில் கடை சாத்திய பிறகு உட்கார்ந்தோம். என் வீட்டாள் வாழைக்காய் வறுத்துக் கொடுத்தாள். சாந்த்ராகாச்சி வங்காளம் முழுக்கச் சேனைக்கிழங்குக்குப் பேர்போன ஊர், ஆனால் நாங்கள் கிழங்கு தொடாதவர்கள் ஆயிற்றே. முதல் நாள் பேத்தி மட்டும் இருந்தாள். இரண்டாம் நாள் என் பேரன்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். குறிகள் ரகசிய பாஷை மாதிரி இருந்ததால் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. எழுத்து தெரியாமலே முதலில் முந்திரியும் வீசமும் கற்றார்கள். பிறகு சின்னவன் 'அ' எப்படிப் போடுவது என்று கேட்டான். அவள்தான் கையைப் பிடித்து எழுதக் காட்டினாள், நான் பலகையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.